கொழுந்து பறிக்கும் முதலீட்டாளர்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தில் 'முதலீட்டாளர்கள் தயக்கம்' என்று ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் இலங்கை மலையகத்தில் அந்தப் பக்கத்தை யாரும் நின்று படிப்பதில்லை. கொழும்புப் பெரிய மனிதர்களின் விவகாரம் என்று புரட்டிவிட்டுச் சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்திக்குப் போய்விடுவோம். ஹட்டன் நகரத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அந்தத் தலைப்பு முதலில் எங்களைப் பற்றியது என்று உரக்கச் சொல்ல வேண்டுமென்று வெகுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் பெயர் பதிந்த ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் 8 சதவீதம், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. கம்பனி 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த நிதியை மத்திய வங்கி முதலீடு செய்கிறது. எதில்? பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரங்களில்: நீண்டகாலத் திறைசேரி முறிகளிலும் குறுகியகாலத் திறைசேரி உண்டியல்களிலும். டிக்கோயாவில் அதிகாலை மழையில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற பெண், இந்த அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருப்பவர். நாட்டின் மிகப் பெரிய முதலீட்டு நிதியில் பங்குள்ளவர். அவரிடம் கேட்காமலே அந்தக் கடன் கொடுக்கப்படுகிறது. அரசாங்கத்தின் கணக்கு தடுமாறினால் அவருடைய முதுமையும் சேர்ந்து தடுமாறுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2019ஆம் ஆண்டைத் திரும்பிப் பாருங்கள்.

ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். வியாபாரம் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2016 கடைசியில், பொருள் விலையோடு சேர்த்து வசூலிக்கும் பெறுமதி சேர் வரியை 11 சதவீதத்திலிருந்து 15 ஆக்கியதில் கடைக்காரர்களுக்கு ஆறாத கோபம். அந்தக் கோபத்தின் அருமை தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நவம்பர் 16ஆம் திகதி வாக்களிப்பு. கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். டிசம்பர் முதலாம் திகதியே பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 2 சதவீதமாக இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு போனது. ஜனவரியில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கப்பட்ட வரி நீக்கப்பட்டது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1 கோடியே 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவுக்குத் தாவியது.

30 கோடி! அந்த எண்ணைக் கேட்ட அன்று நான் கணக்கு எழுதும் கடைகளை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். வரி வலைக்குள் ஒரு கடைகூட மிஞ்சவில்லை. கடைவீதியில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரி, வரிப் பட்டியல் புத்தகத்தையும் பதிவு இலக்கம் பொறித்த முத்திரையையும் மேசையின் கடைசி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "இனி இந்தத் தொல்லை இல்லை, தம்பி" என்று முகம் மலரச் சொன்னார். அவர் நல்ல மனிதர். நேர்மையாக வரி கட்டியவர். அவருடைய மகிழ்ச்சியில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அவர் கடையில் பருப்பும் சீனியும் அந்த மாதம் மலிவாகவில்லை. தோட்டத்திலிருந்து சனிக்கிழமை சாமான் வாங்க வருகிறவர்கள் கொடுத்த விலை அப்படியேதான் இருந்தது. குறைந்தது அரசாங்கத்தின் வருமானம் மட்டுமே.

எவ்வளவு குறைந்தது? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்தை ஒட்டி இருந்த வரி வருமானம், 2020இல் 8 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கொரோனாவும் அந்த ஆண்டில்தான் வந்தது. பழி முழுவதையும் வரிக் குறைப்பின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் மற்ற நாடுகளுக்குக் கொரோனா வந்தபோது அவற்றின் கஜானாவில் கொஞ்சமாவது இருந்தது. நாங்கள் கதவைத் திறந்துவிட்ட மூன்றே மாதத்தில் வெள்ளம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், நாடுகளின் கடன் தகுதியை மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையை அடிமட்டத்துக்குத் தள்ளின. வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் வாங்கும் வழி அடைபட்டது. வாங்க முடியாததை மத்திய வங்கி அச்சடித்துக் கொடுத்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம் ஒன்றுண்டு. வரியைக் குறைப்பதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது. குறைக்கலாம், காரணம் இருந்தால் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வாக்குறுதி மேடையில் கொடுக்கப்பட்டபோது, 'இதனால் இத்தனை கோடி குறையும், அதை இங்கிருந்து ஈடுகட்டுவோம்' என்ற அடுத்த வரி வரவில்லை. கைதட்டலுக்குத் தேவையான பாதி மட்டும் சொல்லப்பட்டது. மற்றப் பாதிக்காகக் காத்திருப்பவர்தான் முதலீட்டாளர். அது வராதபோது அவருக்கு அச்சம் வருகிறது. அந்த அச்சத்தைப் பேராசை என்று எங்கள் ஊர் மேடைகளில் கேலி பேசுவார்கள். தன் காசு திரும்ப வருமா என்று கேட்பதில் பேராசை எங்கே இருக்கிறது?

வளர்ந்த நாடு, வளராத நாடு என்ற பேதமும் இதில் கிடையாது. 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி பிரித்தானியாவில் லிஸ் டிரஸ் அரசாங்கம் ஈடுகட்டும் வழி சொல்லாமல் வரிக் குறைப்புகளை அறிவித்தது. பவுண் சரிந்தது, அரசாங்கக் கடன்முறிகளின் வட்டி துள்ளியது, ஓய்வூதிய நிதிகள் ஆடிப்போய், இங்கிலாந்து வங்கி இறங்கிக் கைகொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் முடிவதற்குள் டிரஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அங்கே சந்தை சில நாட்களில் கொடுத்த தண்டனையை, எங்களுக்கு இரண்டரை ஆண்டு தவணையில் கொடுத்தது.

அந்தத் தவணை 2022இல் முடிந்தது. ஜனவரியில் 13,000ஐத் தாண்டியிருந்த கொழும்பு அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஆண்டு முடிவில் 8,500ஐ ஒட்டிக் கிடந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்கடுத்த வாரம் முழுவதும் பங்குச் சந்தையை மூடிவைத்தார்கள். 200 ரூபாவாக இருந்த டொலர் 360 வரை போனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களில் 95 சதவீதத்தை நெருங்கியது. அதே ஆண்டில் சேமலாப நிதி அங்கத்தவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம்.

பணவீக்கம் 70, வட்டி 9 என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கொதிக்கிறது. முப்பது ஆண்டு மலையில் நின்று சேர்த்த பணத்தின் வாங்கும் சக்தி ஒரே ஆண்டில் எவ்வளவு கரைந்திருக்கும் என்பதைக் கணக்கு எழுதுகிறவன் நிமிடத்தில் போட்டுவிடுவான். போட்ட பிறகு அதை உரியவரிடம் சொல்வதுதான் கடினம்.

பெறுமதி சேர் வரி திரும்பி வந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எட்டாகக் குறைக்கப்பட்டபோது மலிவடையாத சாமான்கள், பதினெட்டாக உயர்ந்தபோது மட்டும் ஒழுங்காக விலை ஏறின. பதிவு எல்லையும் முதலில் 8 கோடிக்கும் பிறகு 6 கோடிக்கும் இறங்கியது. இழுப்பறையில் பூட்டிவைத்த முத்திரை மறுபடி மேசைக்கு வந்தது. அந்த வியாபாரி அப்போது என்னிடம் கேட்டது வரி எவ்வளவு என்பதை அல்ல. "இது எத்தனை நாளைக்கு நிற்கும்? அடுத்த தேர்தலுக்கு மறுபடி மாற்றுவார்களா? கடையை விரிப்பதா வேண்டாமா என்று நான் எதை நம்பி முடிவெடுப்பது?" என்று கேட்டார். பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து நான்கு பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க நினைத்திருந்தவர் அவர். அந்த யோசனையைக் கைவிட்டு, கையிலிருந்த பணத்தைத் திறைசேரி உண்டியலில் போட்டார். 2022இன் பிற்பகுதியில் அதற்கு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான்கு பேருக்கு வேலை போனது. அது எந்தப் புள்ளிவிபரத்திலும் வராது.

இனி 2023 ஜூன் மாதக் கடைசி. உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. பெருநாள் விடுமுறையோடு சேர்த்து வங்கிகள் ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடியிருந்தன. அந்த நாட்களில் ஒரு மாலை, எங்கள் லயத்துக்கு மேல் வரிசையில் இருக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற இரண்டொரு ஆண்டு மிச்சம் இருந்தவர். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் ஒரு பொலித்தீன் பையைப் பிரித்து, நான்காக மடித்த சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடுத்து நீட்டினார்.

"வங்கியை ஏன் பூட்டினார்கள், தம்பி? எங்கள் காசில் கை வைக்கப்போகிறார்களா?"

வைப்புப் பணத்தில் கை வைக்க மாட்டார்கள், இருப்பு அப்படியே இருக்கும் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் முழு உண்மையைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

முழு உண்மை இதுதான். சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்து, 2038 வரை நீளும் புதிய முறிகளை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவற்றுக்கு 2025 வரை 12 சதவீதம் வட்டி, அதன் பிறகு 9. அப்போது சந்தையில் அரசாங்கமே 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. மறுத்தால் என்ன? அங்கேதான் வரி வந்தது. மாற்றிக்கொள்ளும் நிதிக்கு முறி வருமானத்தில் 14 சதவீத வரி. மாற்றிக்கொள்ளாத நிதிக்கு 30 சதவீதம். விருப்பத்தின் பேரில் செய்யும் பரிமாற்றம் என்று ஆவணத்தில் எழுதியிருந்தது. வரியை ஓங்கிய கையோடு கேட்டால் விருப்பம் என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும்? நிதி இணங்கியது.

வங்கிகளுக்கு விலக்கு. அவை ஏற்கெனவே 50 சதவீதத்துக்கு மேல் வரி செலுத்துகின்றன, அவை ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் ஓடிவருவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 30 சதவீத வட்டிக்கு உண்டியல் வாங்கிய தனியாருக்கும் விலக்கு. அவர்களைத் தொட்டிருந்தால் அடுத்த வாரம் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்திருக்காது, அதுவும் புரிகிறது. கடைசியில் யார் மிஞ்சினார்கள்? ஐம்பது வயதுவரை காசை எடுக்க முடியாத பெண்களும் ஐம்பத்தைந்துவரை எடுக்க முடியாத ஆண்களும். ஓட முடியாதவர்கள். ஓடக்கூடிய முதலீட்டாளரின் அச்சத்துக்கு அரசாங்கம் செவிசாய்த்தது. கட்டிவைக்கப்பட்ட முதலீட்டாளரின் அச்சத்தைக் கேட்கவே இல்லை. 2023ஆம் ஆண்டுக்கு அங்கத்தவர்களுக்கு 13 சதவீத வட்டி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முந்திய ஆண்டின் இழப்புக்கு அது ஈடாகாது.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எங்கள் சங்கத்துத் தலைவர்கள் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையே" என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாட்சம்பளத்தில் ஐம்பது ரூபாவுக்குப் பணிநிறுத்தம் செய்திருக்கிறோம். முதுமைக்கான மொத்தச் சேமிப்பைப் பற்றி ஒரு கூட்டம்கூட எங்கள் பக்கத்தில் நடந்து நான் பார்க்கவில்லை.

எங்களுக்கும் பங்குச் சந்தைக்கும் பழைய உறவொன்றும் உண்டு. 1990களில் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனபோது, அந்தக் கம்பனிகளின் பங்குகளில் 10 சதவீதம் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. என் அம்மாவுக்குக் கிடைத்த பங்குச் சான்றிதழ், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு தகரப் பெட்டிக்குள் வெகுகாலம் கிடந்தது. அது என்ன, அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. மலிவாக வாங்கிக்கொண்டு போக மட்டும் ஆட்கள் வந்தார்கள்.

2024இல் அந்தக் கம்பனிப் பங்குகளை வைத்திருந்தவர்கள் பட்டபாட்டையும் பார்த்தேன். தேர்தல் ஆண்டு. மே தினக் கூட்டத்துக்காகக் கொட்டகலைக்கு வந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, நாட்சம்பளம் 1,700 ரூபா என்றார், வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாக்களிப்புக்குச் சற்று முன்னர் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் வந்து நின்றது. 1,700 கேட்டது நியாயம். அதற்கு மேல் கேட்பதும் நியாயம். ஆனால் அந்தத் தொகையை மேடையில் ஏலம் விட்டதில் தொழிலாளிக்குக் கிடைத்தது நான்கு மாத ஏமாற்றம். கம்பனியில் பணம் போட நினைத்தவருக்குக் கிடைத்தது, அடுத்த ஆண்டுக் கூலிச் செலவைக் கணிக்க வழியில்லை என்ற பாடம். தோட்டத்தில் மறுநடுகை நடக்க வேண்டுமானால் யாராவது பல ஆண்டுகளை நம்பிப் பணம் போட வேண்டும். தேயிலைச் செடி தேர்தல் காலத்துக்குள் பலன் தருவதில்லை.

அந்த செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலுக்கு முன் எல்லா மேடைகளிலும் வரிதான் பேச்சு. மறுபடி வந்திருந்த சம்பள வரி தொடங்கும் எல்லையை மாதம் 1 இலட்சத்திலிருந்து 2 இலட்சமாக்குவோம் என்றது தேசிய மக்கள் சக்தி. சர்வதேச நாணய நிதியத்தோடு மறுபடி பேசுவோம் என்றது ஐக்கிய மக்கள் சக்தி. நிதியத்தின் 3 பில்லியன் டொலர் கடன் உடன்பாடு பிசகிவிடுமோ என்று சந்தை நடுங்கியது. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னர், 19ஆம் திகதி, நிறுத்திவைத்த கடனைத் திருப்பிச் செலுத்தும் முறை பற்றி, இலங்கை முறிகளை வைத்திருந்த வெளிநாட்டு முறிகாரர்களோடு கொள்கையளவில் இணக்கம் எட்டப்பட்டது. 42 சதவீத வாக்குகளோடு, வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணிய பிறகு, தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க வென்றார். திங்கட்கிழமை வெளிநாட்டில் இலங்கை முறிகளின் விலை விழுந்தது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. புதிய அரசாங்கம் உடன்பாட்டைக் கிழிக்கவில்லை. முறிகாரர்களோடு செய்த இணக்கத்தையும் மதித்தது. சம்பள வரி எல்லை 2025 ஏப்ரலில் ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. சொன்னதைவிடக் குறைவு, ஆனால் தாங்கக்கூடிய அளவு. 2024 முடிவதற்குள் பங்குச் சுட்டெண் 15,000ஐத் தாண்டிவிட்டது. இடதுசாரி அரசாங்கம் என்று பயந்த சந்தையே ஏறியது. ஆளும் கட்சியின் நிறத்தைவிட, நேற்று எழுதியது நாளைக்கும் செல்லுமா என்பதையே பணம் போடுகிறவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த அடி அடுத்தவர் தேர்தலிலிருந்து வந்தது. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை அறிவித்தார். 7ஆம் திகதி கொழும்புச் சந்தை விழுந்த வேகத்தில் வர்த்தகத்தைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வேலைசெய்யும் ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. அந்த ஆண்டு ஆகஸ்டில் தீர்வை 20 சதவீதமாக இறங்கியது. அதில் எங்கள் வாக்குக்கு வேலையில்லை.

எங்கள் வாக்குக்கு வேலை உள்ள இடத்துக்கு வருகிறேன். 1948இல் பறிபோன குடியுரிமையைத் தொடர்ந்து பறிபோன வாக்கு, முழுமையாகத் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம். அப்படிப் பெற்ற வாக்கை எவரும் அரை வாக்குறுதிக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

நாட்காட்டியைப் பாருங்கள். சர்வதேச நாணய நிதியத்தின் நான்காண்டு உடன்பாடு 2027இல் முடிகிறது. 2028இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளின் பாரம் ஏறுகிறது. 2029இல் ஜனாதிபதித் தேர்தல். வரியைக் குறைக்கிறோம் என்று யாராவது மேடையேறுவார்கள். ஏறாமல் இருக்க மாட்டார்கள். 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காகப் பணம் அச்சடிப்பதைத் தடுத்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் வரியும் இல்லை, அச்சடிப்பும் இல்லையென்றால் பற்றாக்குறைக்கான பணத்தை உள்நாட்டில் கடனாகத்தான் வாங்க வேண்டும். உள்நாட்டில் பெரிதாகக் கடன் கொடுப்பவர், ஓட முடியாமல் கடன் கொடுப்பவர், சேமலாப நிதி. இன்று நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒவ்வொரு கொழுந்துக்காரியும் சரியாக அந்த ஆண்டுகளில்தான் தன் காசைக் கேட்டு விண்ணப்பிப்பார்.

ஆகவே எங்கள் நுவரெலியா மாவட்டத்துக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், வரியைக் குறைப்பேன் என்று சொன்னால், கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பேன்: எத்தனை கோடி குறையும்? அதில் எவ்வளவை சேமலாப நிதியிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு, எந்த வட்டிக்கு வாங்குவீர்கள்? பதிலை எழுதிக் கொடுக்கச் சொல்வேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.